ஒரு புள்ளியில் வென்ற கோப்பை, மூன்றே ஆண்டில் மறைந்த அணி

கழகக் கால்பந்தில் ‘பருவம்’ என்றும் பேச்சு வழக்கில் ‘சீசன்’ என்றும் சொல்லப்படுவது, ஓர் அணி பல மாதங்களுக்குத் தன் பிரிவிலுள்ள மற்ற எல்லா அணிகளோடும் தன் ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையுமாக மோதி முடிக்கும் நீண்ட ஆட்டத் தொடராகும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி, தோல்விக்கு ஏதுமில்லை என்ற கணக்கில் சேரும் மொத்தமே இறுதியில் பட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஓர் ஆட்டத்தில் தோற்றாலே வெளியேற வேண்டிய கோப்பைப் போட்டிகளில் அதிர்ஷ்டத்துக்கு இருக்கும் இடம் இங்கே மிகக் குறைவு. பயணக் களைப்பு, காயம், சம்பளத் தாமதம், வெறிச்சோடிய அரங்கு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அணிதான் பட்டியலின் உச்சியில் எஞ்சும். ஆகவே பருவத்தின் பட்டம் என்பது ஆட்டக்காரர்களின் திறமைக்கு மட்டுமன்றி, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் அமைப்பின் உறுதிக்கும் சான்று என்று கருதப்படுவது வழக்கம்.

2018-19 பருவத்தில் இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்குகளுள் ஒன்றான ஐ-லீக்கின் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்சி என்ற தமிழ்நாட்டுக் கழகத்தின் வரலாறு இந்தக் கருத்தை அப்படியே ஏற்க விடுவதில்லை. இருபது ஆட்டங்களில் நாட்டின் பழம்பெரும் அணிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளிய அந்தக் கழகம், அடுத்த இரண்டு பருவங்களை மட்டுமே ஆடி முடித்து, 2021-22 பருவத்தின் அணிப் பட்டியலில் பெயரே இல்லாமல் போயிற்று. களத்தில் தோற்று வெளியேறும் அணிகள் உலகெங்கும் உண்டு. வென்ற அணி வென்ற சூடு ஆறுவதற்குள் இல்லாமல் போவது அரிது. இந்த மறைவுக்கான காரணங்களை ஆட்டத்தின் நுட்பத்தில் தேடினால் கிடைக்காது. ஒரு கழகம் யாருக்கு உரியது, அதன் பருவத்தை யார் காத்து நிற்கிறார்கள் என்ற கேள்வியில்தான் தேட வேண்டியிருக்கிறது.

கோவைக்கு வந்த சென்னை அணி

1946-இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தோன்றி, சென்னையின் உள்ளூர் லீக் ஆட்டங்களில் பல்லாண்டுகள் ஆடிவந்த இந்தக் கழகம், ரோஹித் ரமேஷ் என்பவரின் உரிமையில் சென்னை சிட்டி என்ற பெயரோடு 2016 டிசம்பரில் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. நேரடிச் சேர்க்கை என்பது, கீழ்ப்பிரிவில் வென்று படிப்படியாக ஏறி வராமல், விண்ணப்பத்தின் பேரில் தேசியப் பிரிவில் இடம் தரப்படுவதாகும். 1996-இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்குக்கு மாற்றாக 2007-இல் உருவாக்கப்பட்ட ஐ-லீக் அப்போது நாட்டின் முதன்மையான லீக்காகக் கருதப்பட்டது. ஆனால் அதற்கு இணையாக, 2014-இல் பெருநிறுவன ஆதரவோடும் தொலைக்காட்சிப் பணத்தோடும் தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக் ஏற்கெனவே மக்களின் கவனத்தை ஈர்த்துவிட்டிருந்தது. சென்னை மாநகரின் நேரு விளையாட்டரங்கில் அந்த லீக்கின் அணியான சென்னையின் எஃப்சி ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே பெயரில் சென்னையைத் தாங்கிய புதிய கழகம், கோயம்புத்தூரில் வ.உ.சி. பூங்காவுக்கு அருகிலுள்ள நேரு விளையாட்டரங்கைத் தன் சொந்தக் களமாக ஆக்கிக்கொண்டது.

முதல் இரண்டு பருவங்களும் பிழைத்திருப்பதற்கான போராட்டமாகவே கழிந்தன. 2017-18-இல் பத்து அணிகளுள் எட்டாம் இடத்தில் முடித்து, தரமிறக்கத்தை (அதாவது கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவதை) மயிரிழையில் தவிர்த்தது. அந்தப் பருவத்தில் அணியின் உயிராக இருந்தவர், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான தூத்தூரைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். பருவம் முடிந்ததும் அவர் சூப்பர் லீக்கின் ஜம்ஷெட்பூர் அணிக்குச் சென்றுவிட்டார். தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் கதை நெடுங்காலமாக இப்படித்தான் அமைந்து வந்திருக்கிறது. ராமன் விஜயனும், தஞ்சாவூரைச் சேர்ந்த காலியா குலோத்துங்கனும் பெயர் பெற்றது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடித்தான். 2003-இல் ஆசியான் கழகக் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் குலோத்துங்கன் இருந்தார். திறமை இங்கே விளையும், அறுவடை வேறிடத்தில் நடக்கும் என்ற இந்த நிலையை மாற்றும் வாய்ப்பு முதன்முறையாக 2018-19 பருவத்தில்தான் தென்பட்டது.

அந்தப் பருவத்துக்கு முன் கழகம் எடுத்த முடிவுகள் துணிச்சலானவை. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். அவர் ஸ்பெயினிலிருந்து, குறிப்பாக அதன் கீழ்ப்பிரிவுகளில் ஆடிவந்தவர்களிலிருந்து, பெரிய பெயர் இல்லாத ஆனால் பந்தைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார். உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிய முன்கள வீரர் பெட்ரோ மான்சி, நடுக்களத்தை ஆண்ட நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், தற்காப்பில் ராபர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நவுசெத் சந்தானா ஆகியோரோடு எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் முதலிய தமிழ்நாட்டு இளைஞர்களும் இணைந்து ஒரே பாணியில் ஆடப் பழகினர். உயரமாக உதைத்து அனுப்பி, ஓடிப் பிடிக்கும் முறையே மிகுந்திருந்த ஐ-லீக்கில், தரையோடு தரையாகக் குறுகிய கைமாற்றங்களால் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் இந்த ஆட்டமுறை புதிய காற்றாக இருந்தது. அயல்நாட்டவர் கோல் அடிக்க உள்ளூர்க்காரர் ஓடி உழைப்பது என்ற வழக்கமான பிரிவினை இந்த அணியில் அவ்வளவாகத் தெரியவில்லை என்பதை, பயிற்சியாளரின் மிகப் பெரிய சாதனையாகக் குறிப்பிட வேண்டும்.

இருபது ஆட்டங்கள், 43 புள்ளிகள்

பதினோரு அணிகள் கலந்துகொண்ட அந்தப் பருவம் 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில்தான் தொடங்கியது. இளம் வீரர்களைக் கொண்டு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய இந்தியன் ஏரோஸ் அணியைச் சென்னை சிட்டி 4-1 என்று வென்றது. அந்த முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்து ‘ஹாட்ரிக்’ கண்ட மான்சி, பருவம் முடிகையில் 21 கோல்களோடு, சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவுக்கு இணையாக அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பகிர்ந்துகொண்டார். நவம்பரில் கொல்கத்தாவுக்கே சென்று ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று வென்றதுதான் இந்த அணியை நாட்டின் மற்ற பகுதிகள் திரும்பிப் பார்க்கச் செய்த ஆட்டம். நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த, பல்லாயிரம் பேர் ஆரவாரிக்கும் ஒரு கழகத்தை, தேசிய லீக்கில் மூன்றாம் பருவமே ஆடும் ஓர் அணி அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தியது. பின்னர் கோவையிலும் மீண்டும் வென்றது. பட்டம் ஒரே ஒரு புள்ளியில் முடிவானதை நினைத்தால், அந்த இரு வெற்றிகளின் எடை விளங்கும்.

பருவத்தின் நடுவே, ஐ-லீக் ஆட்டங்களை ஒளிபரப்பிவந்த தொலைக்காட்சி நிறுவனம் எஞ்சிய ஆட்டங்களில் ஒரு பகுதியை இனிக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தது. ஒளிபரப்பில்லாத ஆட்டத்துக்கு விளம்பரதாரர் கிடையாது. விளம்பரதாரர் இல்லாத கழகத்துக்கு வருவாய் கிடையாது. பட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஓர் அணியின் கால்களுக்குக் கீழே இருந்த தரை, அது ஓடும்போதே உருவப்பட்டது என்பதைப் பலர் அப்போது கவனிக்கவில்லை. ஆனாலும் 2019 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்சி பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது நம்பிக்கையூட்டும் செய்தியாக இருந்தது. இளையோர் பயிற்சியகம் ஒன்றை உருவாக்கி, தமிழ்நாட்டுச் சிறுவர்களை ஐரோப்பிய முறையில் வளர்ப்பது அந்தக் கூட்டின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸை வென்றிருந்தால் பட்டம் அங்கேயே கைக்கு வந்திருக்கும். 2-3 என்று தோற்றதால் கணக்கு கடைசி நாளுக்குத் தள்ளிப்போயிற்று. 2019 மார்ச் 9 அன்று நிலைமை இப்படி இருந்தது: சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் சென்னை சிட்டி, முந்தைய பருவத்தின் பட்டத்தை வென்ற மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவை எதிர்கொண்டது. ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளை வரை அந்த ஒரு கோலுக்குப் பதில் கிடைக்கவில்லை. வென்றே ஆக வேண்டும் என்ற நிலையில் பின்தங்கி நிற்கும் அணி, பொறுமையிழந்து தன் ஆட்டமுறையைக் கைவிட்டுப் பந்தை முன்னால் உதைத்துத் தள்ளத் தொடங்குவதே இயல்பு. அக்பர் நவாஸின் அணி அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். அதன்பின், கோல் அடிப்பது தன் வேலையல்ல என்றே கருதப்படும் தற்காப்பு வீரரான அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா முன்னேறி வந்து இரண்டு கோல்களை அடித்தார், அவற்றுள் இரண்டாவது ஆட்டத்தின் உபரி நேரத்தில். முடிவு 3-1. கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்காலும் மீண்டெழுந்து 2-1 என்று வென்றுவிட்டது. ஆகவே கோவையில் சமநிலை கண்டிருந்தாலும் பட்டம் கொல்கத்தாவுக்குத்தான் போயிருக்கும். 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி, 48 கோல்கள், 43 புள்ளிகள் என்ற கணக்கோடு ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அடுத்த மாதமே புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பைப் போட்டியில், அந்தப் பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றிருந்த பெங்களூரு எஃப்சியைச் சென்னை சிட்டி 2-1 என்று வென்று அரையிறுதிக்குச் சென்றது. இரண்டு லீக்குகளில் எது உயர்ந்தது என்று நடந்துகொண்டிருந்த வாதத்துக்குக் களத்தில் கிடைத்த விடையாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஏணியில்லாத மாடி

ஆனால் நிர்வாகத்தின் விடை வேறாக இருந்தது. 2019-இல் இந்தியன் சூப்பர் லீக்கே நாட்டின் முதல் பிரிவு என்று ஏற்கப்பட்டு, ஐ-லீக் இரண்டாம் பிரிவாக இறக்கப்பட்டது. ஐ-லீக்கில் வெல்லும் அணிக்கு மேல்பிரிவில் இடம் தரும் தரவுயர்வு முறை 2022-23 பருவம் முதல்தான் நடைமுறைக்கு வரும் என்று முடிவு செய்யப்பட்டது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இரண்டாம் பிரிவின் பட்டம் என்பது முதல் பிரிவுக்கான நுழைவுச்சீட்டு. அந்த நம்பிக்கைதான் சிறிய கழகங்களுக்கு முதலீட்டையும் ஆதரவாளர்களையும் தேடித் தருகிறது. சென்னை சிட்டிக்கு அந்தச் சீட்டு கிடைக்கவில்லை. முதல் பிரிவில் ஆட விரும்பினால் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் உரிமக் கட்டணம் கட்டித்தான் நுழைய வேண்டியிருந்தது. ஐ-லீக்கின் பட்டப் பரிசோ ஒரு கோடி ரூபாயாக இருந்தது. களத்தில் ஈட்டியதை வைத்து ஏற முடியாத மாடியைக் கட்டிவிட்டு, ஏறவில்லையே என்று கழகங்களைக் குறை கூறுவது நியாயமாகாது.

பட்டத்தின் பயனாகக் கிடைத்த ஆசியச் சாம்பியன்கள் லீக் தகுதிச் சுற்று ஆட்டம் 2020 ஜனவரி 14 அன்று, பொங்கலுக்கு முந்தைய நாள், நடந்தது. ‘சொந்த ஊர்’ ஆட்டமாகக் கணக்கிடப்பட்ட அதைச் சென்னை சிட்டி ஆடிய இடம் அகமதாபாத். பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றதைவிட, தமிழ்நாட்டு அணியொன்றின் வரலாற்றில் மிகப் பெரிய சொந்தக் கள ஆட்டத்தைத் தமிழ்நாட்டில் ஒருவரும் அரங்கில் அமர்ந்து பார்க்க முடியாமல் போனதுதான் பெரிய இழப்பு. அதே மாதத்தில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா கழகத்துக்குச் சென்றார். கோர்டியோ ஏற்கெனவே ஹைதராபாதுக்குப் போயிருந்தார். வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும், ரொமாரியோ கோவாவுக்கும், கௌரவ் போரா ஒடிசாவுக்கும் போயினர். 2019-20 பருவம் கொரோனா பரவலால் மார்ச்சில் பாதியில் நின்றது. அடுத்த பருவம் முழுவதும் வங்காளத்தின் மூடிய அரங்குகளில் நடந்ததால் கோவைக்கு ஆட்டமே வரவில்லை. அதோடு முடிந்தது. 2021-22 முதல் 2024-25 வரை எந்த ஐ-லீக் பருவத்திலும் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இடம்பெறவில்லை. 2019 மார்ச் 9 அன்று கோவையில் தோற்ற மினர்வாவோ, உரிமையாளரும் பெயரும் மாறி, 2022-23-இல் ஐ-லீக்கை வென்று, தரவுயர்வு முறையால் சூப்பர் லீக்கில் நுழைந்த முதல் கழகமாயிற்று. மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால் என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

மெல்போர்ன் காட்டும் மற்றொரு வழி

தாக்குப்பிடிப்பது எப்படி என்பதற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக் கால்பந்து வரலாறு பயனுள்ள ஒப்பீட்டைத் தருகிறது. ‘ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து’ எனப்படும் அது, உலகம் அறிந்த கால்பந்திலிருந்து வேறானது: நீள்வட்டத் திடலில், அணிக்கு 18 பேராக, நீள்வட்ட வடிவப் பந்தை உதைத்தும், கைமுட்டியால் குத்திக் கைமாற்றியும் ஆடுவது, இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும், நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. 1859-இல் மெல்போர்ன் கால்பந்துக் கழகம் இதன் விதிகளை எழுதி வைத்தது. 1897-இல் விக்டோரியா மாநில லீக் ஆட்டங்கள் தொடங்கின. அதுவே 1990 முதல் ஏ.எஃப்.எல். என்று அழைக்கப்படுகிறது. செப்டம்பர் இறுதியில் மெல்போர்ன் கிரிக்கெட் திடலில் நடக்கும் மாபெரும் இறுதி ஆட்டம் அந்நகரில் திருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது.

அங்கேயும் கழகங்கள் இடம் பெயர்ந்ததுண்டு, மறைந்ததுண்டு. கடனில் தத்தளித்த தென் மெல்போர்ன் கழகம் 1982-இல் சிட்னிக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர் ஆதரவாளர்கள் கண்ணீர் விட்டனர். ஆனாலும் லீக்கின் துணையோடு வேரூன்றி, 2005-இல், 1933-க்குப் பின் முதன்முறையாக, அந்தக் கழகம் பட்டம் வென்றது. ஃபிட்ஸ்ராய் என்ற பழைய கழகம் 1996-உடன் தனித்து ஆடுவதை நிறுத்தி பிரிஸ்பேனுடன் இணைக்கப்பட்டது. இவற்றைவிட முக்கியமானது, மெல்போர்னின் மேற்குப் புறத்துத் தொழிலாளர் பகுதியைச் சேர்ந்த ஃபுட்ஸ்க்ரே கழகத்தின் வரலாறு. 1989-இல் அதை ஃபிட்ஸ்ராயோடு இணைத்து மூடிவிட லீக் முடிவு செய்தபோது, அப்பகுதி மக்கள் வீடு வீடாகப் பணம் திரட்டினர், நீதிமன்றத்துக்கும் சென்றனர், சில வாரங்களில் இணைப்பு முடிவு கைவிடப்பட்டது. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பின்னர் பெயர் மாறிய அந்தக் கழகம், 1954-க்குப் பிறகு 2016-இல் பட்டம் வென்றது. அங்கே கழகங்கள் பெரும்பாலும் சந்தா கட்டும் உறுப்பினர்களைக் கொண்டு இயங்குபவை. காலிங்வுட் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும். தவிர, ஒளிபரப்பு வருவாயை எல்லா அணிகளுக்கும் பகிர்வது, சம்பளத்துக்கு உச்சவரம்பு விதிப்பது, கடைசியில் முடித்த அணிக்கே இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பைத் தருவது ஆகிய ஏற்பாடுகளால் எளிய கழகமும் விழுந்து எழ வழியுண்டு.

கோவையில் இத்தகைய பிணைப்பு உருவாவதற்கான காலமும் தரப்படவில்லை, அதற்கான முயற்சியும் போதவில்லை. அணியின் பெயர் சென்னை, களம் கோவை, உரிமை ஒரு தனிநபரிடமும் ஓர் ஐரோப்பியக் கழகத்திடமும். அரங்குக்கு வந்து ஆரவாரித்த கோவை ரசிகர்கள் உண்மையான அன்போடு வந்தார்கள். ஆனால் கழகத்தின் எதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு எந்த வாயிலும் திறந்திருக்கவில்லை. அணி மறைந்தபோது அதை மீட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்ற எண்ணம் அவர்களுக்கு எழாததில் வியப்பில்லை.

கொடும்பாளூர் வட்டாரத்தின் பருவம்

தமிழ் மக்களுக்கு விளையாட்டுப் பருவமொன்றைத் தமதாகப் பேணத் தெரியாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர்களைப் பார்த்தால் அதற்கு நேர்மாறான சான்று கிடைக்கும். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு காலத்தில் இருக்குவேளிர் என்ற சிற்றரசர்களின் தலைநகராக விளங்கி, அவர்களுள் ஒருவரான பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோவிலால் இன்றும் அறியப்படும் கொடும்பாளூரைச் சுற்றியுள்ள பகுதி, தமிழ்நாட்டிலேயே சல்லிக்கட்டு மிகுதியாக நடக்கும் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே பருவம் என்பது தை முதல் வைகாசி வரை. கந்தர்வகோட்டைக்கு அருகிலுள்ள தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் சல்லிக்கட்டு நடப்பது அண்மைக் கால வழக்கம். அதன்பின் ஊர் ஊராக வாடிவாசல்கள் திறக்கும்.

வாடிவாசல் என்பது காளைகள் ஒவ்வொன்றாகத் திடலுக்குள் அவிழ்த்துவிடப்படும் குறுகிய வாயில். முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் பிடிப்பதில்லை. பிறகு, மருத்துவப் பரிசோதனை முடித்த மாடுபிடி வீரர்கள் சுற்றுக்குச் சுற்று நிறம் மாறும் சீருடையில் களமிறங்க, திமிலை மட்டும் பற்றிக் குறித்த தொலைவு தாங்கியவருக்குப் பரிசு. யார் கைக்கும் அகப்படாமல் பாய்ந்தால் காளைக்குப் பரிசு. ஏற்பாட்டைச் செய்வது ஊரின் விழாக் குழு. செலவுக்கு ஊர்ப் பொதுவில் வசூலாகும் வரியும் நன்கொடையும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி, கால்நடை மருத்துவர்களின் சோதனை, காவல் ஏற்பாடு எல்லாம் இன்று கட்டாயம். சென்னை சிட்டி பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த அதே பருவத்தில், 2019 ஜனவரி 20 அன்று, கொடும்பாளூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் ஒரே நாளில் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனையாக அறிவிக்கப்பட்டது. அன்றே இரண்டு உயிர்கள் பறிபோயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊர் தமதென்று கொண்டாடும் விளையாட்டில் உயிர்க்காப்பின் பொறுப்பும் ஊருடையதே.

இந்தப் பருவமும் ஒருமுறை நிறுத்தப்பட்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. மூன்று பொங்கல்களுக்கு வாடிவாசல்கள் மூடிக் கிடந்தன. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் மாநிலமெங்கும் திரண்ட மக்களின் போராட்டத்தால் மாநிலச் சட்டத்திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லுமென்று தீர்ப்பளித்தது. ஃபுட்ஸ்க்ரே மக்கள் 1989-இல் செய்ததன் தமிழ் வடிவமாக இதைக் கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவானது, பருவம் தங்களுடையது என்று ஊர் உறுதியாக நம்பியது. கோவையில் கால்பந்து ஆடிய அணிக்கு இந்த நம்பிக்கையின் ஒரு துளியேனும் வாய்த்திருக்குமானால், அதாவது உறுப்பினர் சந்தா, உள்ளூர்ப் பள்ளிகளோடு நிலையான உறவு, நிர்வாகக் குழுவில் ஊராரின் இடம் என்று ஏதேனும் ஒன்று தொடக்கத்திலேயே அமைந்திருக்குமானால், உரிமையாளரின் கை தளர்ந்த நாளில் பிடித்துக்கொள்ள வேறு கைகள் இருந்திருக்கும்.

2019-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு இரட்டைப் பட்டத்தின் ஆண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஐ-லீக் கோப்பை வந்த இரண்டரை மாதங்களில், மே 22 அன்று லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், மதுரையின் சேது எஃப்சி மணிப்பூர் காவல் துறை அணியை 3-1 என்று வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. 2016-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்துக்கு ஐரோப்பியப் பங்குதாரர் இல்லை. பெரிய அரங்கும் இல்லை. ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வந்ததும் அரிது. கடலூரைச் சேர்ந்தவரும் தமிழ்நாடு காவல் துறையில் பணியாற்றியவருமான இந்துமதி கதிரேசன் போன்ற ஆட்டக்காரர்களைக் கொண்டு அது வளர்ந்தது. 2021-22-இல் கோகுலம் கேரளாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. அதன் பின்னரும் மகளிர் லீக்கில் தொடர்ந்து ஆடிவருகிறது. ஆண்கள் அணிக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. மாநில அரசும் மாவட்டக் கால்பந்துச் சங்கங்களும் அடுத்த கழகத்துக்கு எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்கும்போது, விண்ணப்பத்தோடு வரும் புதிய முதலாளியைத் தேடுவதற்கு முன்னால், பல பருவங்களாக நின்று ஆடிக்கொண்டிருக்கும் மதுரைக் கழகத்துக்குச் சொந்த ஊரில் தரமான களமும், ஊர் மக்கள் உறுப்பினராகச் சேர வழியும் அமைத்துத் தருவதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.